பழைய இரும்புக்குத் தங்கம்! ஆஸ்திரேலியக் காட்டில் ஆணி பொறுக்கும் மனிதர்கள்

ஓட்டை வாளி, கழன்ற கீல், துருப்பிடித்த ஆணி... எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தராசில் போட்டு நிறுத்து, அதற்கு ஈடாகப் பேரீச்சம்பழத்தைப் பேப்பரில் மடித்துத் தருவார் சைக்கிள்காரர். எண்பதுகளில் தெருவில் விளையாடி வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் கேட்கும். இன்றைய பிள்ளைகளுக்கோ அது, அப்பாவின் பழைய பைக்கைக் கிண்டலடிக்கும் வசனம்.

அதே பழைய இரும்பைக் குனிந்து குனிந்து பொறுக்கினால், பேரீச்சம்பழத்துக்குப் பதில் தங்கம் கிடைக்கும் பூமி ஒன்று இருக்கிறது. 'கிடைக்கும்' என்பதைவிட 'கிடைக்கலாம்' என்று சொல்வதே நியாயம். அந்த 'லாம்' என்ற இரண்டெழுத்தை நம்பித்தான் ஓய்வுபெற்றவர்கள், லாரி ஓட்டுபவர்கள், வார இறுதியில் போன் நெட்வொர்க் இல்லாத இடம் தேடும் ஐ.டி இளைஞர்கள் எனப் பலரும் காதில் ஹெட்போனும் கையில் மெட்டல் டிடெக்டருமாக அங்கே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். மெல்பர்னிலிருந்து வடமேற்கே காரில் சில மணி நேரம் போனால் வரும் பகுதிக்குத் 'தங்க முக்கோணம்' என்று பெயர். துனோலி, மோலியாகல், டார்னகல்லா, வெடர்பர்ன், இங்கிள்வுட் என்று சின்னச் சின்ன ஊர்கள். சுற்றிலும் வறண்ட காடு. அந்தக் காட்டில் பேர்போன மரம் அயர்ன்பார்க், அதாவது இரும்புப் பட்டை மரம். ஒரு வகை யூகலிப்டஸ்தான். பட்டை கறுத்து, வெடித்து, பழைய இரும்பு போலவே இருக்கும். தங்கத்துக்குப் பெயர்போன ஊரில் மரத்துக்குக்கூட இரும்பின் பெயர்!

மண்ணுக்குள்ளும் இரும்புதான். அதுதான் இந்தக் கதையின் வில்லன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அதுவேதான் காவல்காரனும்.

இரும்பு எப்படி வந்தது?

1851-ல் விக்டோரியாவில் தங்கம் இருக்கிறது என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அப்போது அங்கே குடியேறியிருந்தவர்கள் சுமார் 77 ஆயிரம் பேர். பத்தே வருடத்தில் அது 5 லட்சத்து 40 ஆயிரத்தை நெருங்கிவிட்டது. இங்கிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, சீனா என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. பிக்காசு, மண்வெட்டி, வாளி, சங்கிலி, லாடம், பெட்டி பெட்டியாக ஆணிகள், தகர டப்பாவில் அடைத்த உணவு எல்லாம் கூடவே வந்தன. துணியால் டென்ட் அடித்துத் தங்கினார்கள். ஒரு ஓடையில் தங்கம் குறைந்ததும் டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்கு ஓடினார்கள். தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டார்கள். மீதி அங்கேயே கிடந்து மண்ணுக்குள் போனது.

கே.ஜி.எஃப் என்றதும் சினிமா ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு வித்தியாசம் சொல்லவேண்டும். கோலார் தங்கவயலில் தங்கம் பாறைக்குள் இருந்தது. அதை எடுக்கப் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். அப்படி இறங்கியவர்களில் பெரும்பங்கு தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2001-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே டிடெக்டரை வைத்துக்கொண்டு மேலே நடந்து ஒன்றும் ஆகாது. விக்டோரியாவிலும் ஆழமான சுரங்கங்கள் உண்டு. ஆனால், இந்த முக்கோணத்தின் விசேஷமே வேறு. இங்கே கணிசமான தங்கம் பாறையிலிருந்து கழன்று, மேல்மண்ணிலேயே கட்டி கட்டியாகக் கிடந்தது. விரல் நகமளவு, கடலைப் பருப்பளவு, சில சமயம் ஆள் தூக்க முடியாத அளவு. அதனால்தான் ஒற்றை மனிதன், ஒரு கருவியோடு போய் இன்றும் அதிர்ஷ்டத்தைச் சோதிக்க முடிகிறது.

ஜனாதிபதியின் கட்டிலும் அதே இரும்பும்

இரும்பு இந்தக் கருவியை ஏமாற்றுவது புதிதல்ல. கருவி பிறந்த அன்றே ஏமாற்றிவிட்டது.

1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். ஒரு குண்டு உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம். டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், குண்டைத் தேட அவசர அவசரமாக ஒரு கருவியைத் தயாரித்து எடுத்துக்கொண்டு போனார். உலோகம் பக்கத்தில் வந்தால் டெலிபோன் ரிசீவரில் சத்தம் கேட்கும். சோதனைகளில் ஓரளவு நன்றாகவே வேலை செய்த கருவி, ஜனாதிபதியின் படுக்கை அருகே குழம்பியது. காரணம், மெத்தைக்கு அடியில் இருந்த எஃகுக் கம்பிகள் என்று பிறகு தெரிந்தது. போதாததற்கு, குண்டு உடலின் வலது பக்கம் இருக்கிறது என்று நம்பிய டாக்டர் அந்தப் பக்கத்தில் மட்டுமே தேடவிட்டார். குண்டு இருந்ததோ இடது பக்கம். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்துபோனார்.

இத்தனை வருடங்களில் கருவி எங்கேயோ போய்விட்டது. கட்டில் கம்பியின் இடத்தில் இப்போது காட்டு ஆணி. பிரச்னை அப்படியே இருக்கிறது.

அது என்ன பிரச்னை? டிடெக்டரின் அடியில் தட்டு போல இருக்கும் வட்டத்துக்குள் செப்புக்கம்பிச் சுருள் இருக்கிறது. அதற்கு 'காயில்' என்று பெயர். அது மண்ணுக்குள் காந்தப்புலத்தை மாற்றி மாற்றி அனுப்பும். உள்ளே உலோகம் இருந்தால் அதில் சின்னதாக மின்சாரம் சுழலும். அந்தச் சுழற்சி திருப்பி அனுப்பும் காந்தப்புலத்தைக் காயில் பிடித்துக் காதில் ஒலியாகக் கொடுக்கும். தங்கமானாலும் தகரமானாலும் அடிப்படை இதுதான். இரும்புக்கு மட்டும் கூடுதலாக ஒரு குணம் உண்டு. அது காந்தத்தோடு ஒட்டுகிற ஜாதி என்பதால், திரும்பி வரும் சிக்னலின் நேரக்கணக்கு வேறு மாதிரி மாறும். அந்த வித்தியாசத்தை வைத்து, 'இது இரும்பு, இது வேறு' என்று கருவி ஊகிக்கிறது.

ஊகம்தான். தீர்ப்பு அல்ல.

ஒரு கல்யாண மண்டபத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது. தவில்காரருக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை கொலுசோடு நடந்துபோகிறது. கொலுசுச் சத்தம் உங்களுக்குக் கேட்குமா? குழந்தை இருக்கிறது, கொலுசும் இருக்கிறது, சத்தமும் வருகிறது. ஆனால், காதுக்குத் தவில் மட்டும்தான். ஒரு நீளமான பழைய ஆணியும் அதன் பக்கத்தில் அரிசி அளவு தங்கமும் கிடந்தால் டிடெக்டருக்கு இதே கதிதான். தங்கம் ஆணிக்குள் ஒளிந்துகொள்கிறது.

இதோடு முடியவில்லை. துருப்பிடித்த இரும்பு சுற்றியுள்ள மண்ணிலும் கரைந்து பரவியிருக்கும். ஆணியை எடுத்து வீசிய பிறகும் அந்தக் குழி கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருக்கும். தகர டப்பா மூடி, வட்டமான வாஷர் போன்றவை அவற்றின் வடிவத்தால் நல்ல உலோகம் போலவே பாசாங்கு செய்யும். போதாக்குறைக்கு மண்ணே இரும்புச்சத்து நிறைந்த செம்மண். அதில் 'சூடான கல்' என்று இவர்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் இரும்புக் கற்கள் வேறு கிடக்கும். தொட்டால் சுடாது. கருவியின் காதில்தான் சுடும்.

அந்த ஒரு பட்டன்

பெரும்பாலான சாதாரண டிடெக்டர்களில் இரும்பை ஒதுக்கும் வசதி உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ஆணிகள் வாயை மூடிக்கொள்ளும், காடு அமைதியாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் முதலில் தேடும் பட்டன் இதுதான். அனுபவசாலிகள் முதலில் அணைக்கச் சொல்லும் பட்டனும் இதுதான்.

ஏன்? சின்னத் தங்கத் துணுக்கின் சிக்னல் மிகவும் பலவீனமானது. சில கருவிகள் திரையில் எண் காட்டும். இரும்பு என்றால் பூஜ்யத்துக்குக் கீழே. சின்னத் தங்கம் என்றால் 1, 2 என்று பூஜ்யத்துக்கு ஒட்டி மேலே. செம்மண்ணின் இழுப்பில் அந்த 1 சறுக்கிப் பூஜ்யத்துக்குக் கீழே விழுந்தால், கருவி அதை இரும்புக் கணக்கில் சேர்த்து வாயை மூடிக்கொள்ளும். காலுக்கடியில் தங்கம், காதில் நிசப்தம். நடந்துபோனவருக்கு எதை இழந்தோம் என்பதே தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் அடிலெய்டைச் சேர்ந்த மைன்லேப் நிறுவனம் 'பல்ஸ்' முறையில் இயங்கும் கருவிகளைத் தங்கத்துக்கென்றே கொண்டுவந்தபோது, செம்மண் பிரச்னை பெருமளவு குறைந்தது. ஆழமாகக் கிடந்த கட்டிகள் வெளியே வந்தன. ஆனால், அந்தக் கருவிகள் இரும்பைப் பிரித்துச் சொல்வதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை. எது சத்தம் போட்டாலும் தோண்டு என்பதே வழி. இதற்கு நேரெதிராக, மேல்மண்ணில் உள்ள நுணுக்குத் தங்கத்தைப் பிடிக்க 71 கிலோஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட கருவிகளும் உண்டு. அவை கடுகளவையும் கண்டுபிடிக்கும். பூட்ஸ் ஆணியையும் சேர்த்துக் கண்டுபிடிக்கும். தேடுகிறவர்களை அதிகம் அழவைப்பது இந்தப் பூட்ஸ் ஆணிதான். அந்தக் காலச் சுரங்கத் தொழிலாளிகள் வழுக்காமல் இருக்கச் செருப்படியில் அடித்த குட்டி ஆணிகள். அளவும் சத்தமும் அச்சு அசல் தங்கத் துணுக்கு மாதிரியே இருக்கும்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது அறுபத்தைந்து. எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பி.எஃப் மாதிரி வந்த பணத்தில் பத்தாயிரம் டாலரை ஒட்டிய விலையில் ஒரு டிடெக்டர் வாங்கிவிட்டார். மனைவி மனதில் இருந்தது வேறு: சமையலறையை மாற்றிக் கட்டலாம் என்று. இந்த மாதிரி ஒரு ஜோடியை அந்தக் காட்டின் கேரவன் பார்க்கில் எந்தக் குளிர்காலத்திலும் பார்க்கலாம். கோடையில் பாம்பும் வெயிலும் படுத்துவதால் சீசன் குளிர்காலம்தான்.

காலையில் கிளம்புகிறார். பூட்ஸில் இரும்பு முனை கிடையாது. இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் காயில் கத்தும். பெல்ட் பக்கிளும் அப்படியே. செல்போன் அணைந்துவிட்டது. பிக்காசின் தலையில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கிறது. மண்ணைக் கிளறும்போதே இரும்பு வந்து அதில் தொற்றிக்கொள்ளும். தொற்றாமல் சத்தம் மட்டும் வந்தால் நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொள்ளும்.

பழைய குடிசை இருந்த இடத்துக்கு வந்ததும் ஹெட்போனில் ஒரே ரகளை. போன மாதம் இதே இடத்தைப் பார்த்து, 'இது குப்பை' என்று விலகிப் போயிருந்தார். விலகிப் போனவர் அவர் மட்டுமில்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து டிடெக்டரோடு வந்த எத்தனையோ பேர் அமைதியான மண்ணைத் தேடித்தான் போனார்கள். நாற்பது வருடங்களாகச் சீவிச் சீவி அந்த அமைதியான மண்ணில் ஒன்றும் மிச்சமில்லாமல் ஆகிவிட்டது. சத்தமான மண்ணில் யாரும் பொறுமையாக உட்காரவில்லை. குடிசை போட்டவர்கள் தங்கத்துக்குப் பக்கத்தில்தான் குடிசை போட்டிருப்பார்கள். தாங்கள் படுத்துத் தூங்கிய தரையைத் தோண்டியிருக்கவும் மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால், இரும்பு கிடக்கிற இடம்தான் முகவரி.

அதனால் இந்த முறை அவர் வேறு விதமாக ஆரம்பிக்கிறார். பெரிய காயிலைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதான காயிலை மாட்டுகிறார். சின்னக் காயிலுக்குப் பார்வை ஆழம் குறைவு. ஆனால், இரண்டு ஆணிகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். நாலடிக்கு நாலடி இடத்தை எடுத்துக்கொள்கிறார். இலைச் சருகை வாருகிறார். பிறகு வேலை ஆரம்பம். எல்லாவற்றையும் எடுக்கிறார். சதுரத் தலை ஆணி, உடைந்த லாடம், டப்பாவின் ஓரம், என்னவென்றே தெரியாத துருக் கட்டி. ஒவ்வொரு சத்தத்தையும் ஒரு பக்கமிருந்தும், தொண்ணூறு டிகிரி சுற்றிவந்து இன்னொரு பக்கமிருந்தும் கேட்கிறார். ஆணி என்றால் திசை மாறும்போது குரலும் மாறும், சில சமயம் இரண்டு முனையிலும் தனித்தனியாகக் கத்தும். தங்கத் துணுக்கு எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் ஒரே மாதிரி முனகும். இதெல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது என்பது அவருக்கும் தெரியும். தோண்டத்தான் வேண்டும்.

தோண்டிய மண்ணைப் பிளாஸ்டிக் அள்ளியில் எடுத்துக் காயில் மேல் ஆட்டுகிறார். சத்தம் வந்தால் பாதியைக் கையில் கொட்டி மறுபடி ஆட்டுகிறார். எந்தப் பாதி கத்துகிறதோ அதை மறுபடி பாதியாக்குகிறார். கடைசியில் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண். அதற்குள் பூட்ஸ் ஆணி.

மத்தியானம் பிளாஸ்க் டீயோடு வந்த மனைவி வாளியை எட்டிப் பார்க்கிறார். இன்றைக்கு எத்தனை ஆணி என்று கேட்கிறார். சமையலறையை அவர் இன்னும் மறக்கவில்லை. இவர் முழங்காலைத் தடவிக்கொண்டே வாளியைக் காட்டுகிறார். இரும்பு பிடித்தவன் கையும் சிரங்கு பிடித்தவன் கையும் சும்மா இருக்காது என்பார்களே, அதுபோல டீ முடிந்ததும் மறுபடி குனிந்துவிடுகிறார். மனைவி போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எடுத்த ஆணிகளைப் பிரித்து வைக்கிறார். இயந்திரத்தில் செய்த ஆணி தனி, கொல்லன் கையால் அடித்த ஆணி தனி.

ஆணிகள் முழுக்க வெளியேறிய பிறகு அதே நாலடியில் மறுபடி காயிலை ஓட்டுகிறார், மிக மெதுவாக. முன்பு ரகளையாக இருந்த இடத்தில் இப்போது நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள், ஒரு ஓரத்தில், மெல்லிய ஒரு முனகல். ஆணி இருந்த இடத்திலிருந்து மூன்று விரல்கடை தள்ளி. காலையிலிருந்து அது அங்கேயேதான் இருந்தது. தவில் நின்றதும் கொலுசு கேட்கிறது.

அது எவ்வளவு எடை? இப்படிப்பட்ட நாட்களில் பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் கீழேதான். டீசல் செலவுக்குக்கூடச் சில சமயம் காணாது. யூடியூப் வீடியோக்கள் கட்டியைக் காட்டும் அளவுக்கு வாளியைக் காட்டுவதில்லை.

கேரவனில் இருந்த குடும்பம்

இருந்தாலும் ஏன் போகிறார்கள் என்று கேட்டால், இரண்டு கதைகளைச் சொல்வார்கள்.

1980 செப்டம்பர் 26. கெவின் ஹில்லியர் என்பவர் மனைவி, நான்கு குழந்தைகளோடு கேரவனில் வாழ்ந்துகொண்டிருந்தவர். கிங்கோவர் என்ற குட்டி ஊருக்கு அருகே டிடெக்டரோடு நடந்துகொண்டிருந்தபோது சத்தம் வந்தது. தோண்டினார். தரைக்கு 12 அங்குலம் கீழே, நட்டு வைத்தது போல நின்றபடி 27.2 கிலோ தங்கக் கட்டி! 'விசுவாசத்தின் கரம்' என்ற பொருளில் 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மெட்டல் டிடெக்டரால் கண்டெடுக்கப்பட்ட கட்டிகளில் இன்றுவரை இதுதான் பெரியது. பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது ஒரு அமெரிக்கச் சூதாட்ட விடுதி நிறுவனம். லாஸ் வேகாஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அந்த 12 அங்குலத்துக்கு மேலே நூறு வருடங்களுக்கும் மேலாக மனிதர்கள் நடந்து போயிருக்கிறார்கள்.

இரண்டாவது கதை புதியது. 2023-ல் இதே முக்கோணத்தில் ஒருவர் 4.6 கிலோ எடையுள்ள பாறைத் துண்டைக் கண்டெடுத்தார். மனிதர் தன் பெயரை வெளியே சொல்லவில்லை. ஜீலாங் நகரில் தங்கம் வாங்கும் கடைக்கு முதலில் பாதியை மட்டும் எடுத்துப் போய், பத்தாயிரம் டாலர் தேறுமா என்று விசாரித்ததாகச் செய்திகள் வந்தன. மொத்தப் பாறைக்குள் 2.6 கிலோ தங்கம் இருந்தது. மதிப்பு சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். அவர் வைத்திருந்த டிடெக்டரின் விலை சுமார் 1,200 டாலர்தான். நம் எலெக்ட்ரீஷியனின் மனைவி இந்தச் செய்தியைப் படித்திருந்தால், அன்று இரவு கேரவனில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்பது குடும்பஸ்தர்களுக்குப் புரியும்.

யாருடைய மண்?

அங்கே தேட வேண்டுமென்றால் 'மைனர்ஸ் ரைட்' என்ற உரிமச் சீட்டு வேண்டும். ஒரு முறை வாங்கினால் பத்து வருடம் செல்லும். கண்டெடுத்தது கண்டெடுத்தவருக்கே. இந்தச் சீட்டின் பெயருக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 1850-களின் தொடக்கத்தில், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் கட்டவேண்டும் என்றது அரசு. கட்டாதவர்களைப் போலீஸ் வேட்டையாடியது. 1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட்டின் யுரேகா முகாமில் தொழிலாளிகளும் படையினரும் மோதி உயிர்கள் போயின. அடுத்த வருடமே அந்தக் கட்டணம் ஒழிந்து, வருடத்துக்கு ஒரு பவுண்டு என்ற இந்தச் சீட்டு வந்தது. இன்றைய சீட்டும் அதே பெயரில்தான் இருக்கிறது.

சீட்டு இருப்பதால் எங்கும் தோண்டலாம் என்பதில்லை. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடை. தனியார் நிலத்துக்கு உரிமையாளர் அனுமதி வேண்டும். பழைய சுரங்க முகாம்களில் தொல்பொருள் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட இடங்களைக் கலைக்கக் கூடாது. ஒருவருக்குக் குப்பையாகத் தெரியும் ஆணி, ஒரு ஆய்வாளருக்கு அந்தக் குடிசையின் சுவர் எங்கே இருந்தது என்று சொல்லும் சாட்சி. தோண்டிய குழியை மூடாமல் போகிறவர்களைத் தேடுகிறவர்களே திட்டுகிறார்கள். ஏற்கெனவே அந்தக் காடெங்கும் மூடாமல் விட்டுப்போன பழைய சுரங்கக் குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. ஹெட்போனில் மூழ்கி, பார்வை தரையில் இருக்க, பின்னால் நகர்ந்து விழுந்தால் அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பகுதியின் பெரும்பகுதி ஜா ஜா வுர்ரங் பழங்குடி மக்களின் பூர்வீக பூமி. தங்க வேட்டைக்காரர்கள் குடைந்துபோட்ட நிலத்தை அவர்கள் 'தலைகீழாகிப் போன பூமி' என்று சொல்கிறார்கள். ஒரு காலத்தில் கீழே இருந்த மண் மேலேயும், மேலே இருந்த மண் கீழேயும் கிடக்கும் இடங்களில் நடந்து பார்த்தால் அதை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. வாளி நிறைய ஆணியோடு திரும்புகிறவர்கள் அதையாவது காட்டிலிருந்து அகற்றுகிறார்கள். சிலர் எடுத்த இடத்திலேயே வீசிவிட்டும் போகிறார்கள். அடுத்து வருகிறவர் அதே ஆணியை மறுபடி தோண்ட வேண்டியதுதான்.

'நம் ஊரில் டிடெக்டர் வாங்கித் தேடினால் என்ன?' என்று இந்நேரம் சிலர் யோசிக்க ஆரம்பித்திருப்பீர்கள். இங்கே சட்டம் வேறு. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

பட்டறைக் கல்

தங்க முக்கோணத்தின் மிகப்பெரிய கட்டி கிடைத்தபோது டிடெக்டர் என்ற ஒன்றே இல்லை. 1869 பிப்ரவரி 5. மோலியாகல் அருகே ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவர் கண்டெடுத்தார்கள். ஒரு மரத்தின் அடியில், தரைக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் கீழே இருந்தது. 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்த தங்கம் மட்டும் சுமார் 72 கிலோ.

வண்டியில் ஏற்றித் துனோலிக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய கட்டியை நிறுக்க ஊரில் தராசு இல்லை. கொல்லன் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், இரும்புப் பட்டறைக் கல்லில் வைத்து மூன்று துண்டாக உடைத்தார்கள். பிறகு நிறுத்தார்கள், உருக்கினார்கள், லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். உடைக்கும் முன் ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை. இன்று அந்தத் தங்கம் யார் கழுத்திலோ, எந்த பேங்க் லாக்கரிலோ.

அதை உடைத்த பட்டறைக் கல் துனோலி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் பார்க்கலாம்.